அனுமதி

தண்ணீர் மோட்டார் செய்யும் அந்தக் கம்பெனியை விசாலாட்சியும் அவள் தம்பி கதிர்வேலும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். தம்பி பட்டறையைப் பார்த்துக்கொள்ள, வியாபாரிகளைப் பிடிப்பது, இரும்பு வாங்குவது, ஆள் சேர்ப்பது எல்லாம் அவள் தலையில் இருந்தது. இப்போது அவன் அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தான். அக்காவுக்குச் சொல்லித்தர ஜெனிஃபர் என்ற பெண்ணையும் வரவழைத்திருந்தான்.

இடது பக்கம் மெனு, மேலே தேடும் கட்டம், திரும்பி வர இந்த அம்புக்குறி. விசாலாட்சி சட்டென்று பிடித்துக்கொண்டாள். மவுஸைத் தானே வாங்கி ‘விற்பனை’யை அழுத்தினாள். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. திரும்பி வந்து ‘கொள்முதல்’ போனாள். அங்கேயும் அதேதான். ‘ஊழியர்கள்’ பக்கமும் திறக்கவில்லை.

“நான் சரியாத்தான பண்றேன்?”

“சரியாத்தாங்க மேடம் பண்றீங்க.” ஜெனிஃபர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்களுக்கு எதெது தொறக்கணும்னு சார்தான் சொன்னாருங்க.”

“அப்ப எதுதான் தொறக்கும்?”

அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்றை அழுத்திக் காட்டினாள். விடுமுறை நாட்காட்டி விரிந்தது. பொங்கலும் ஆயுத பூஜையும் சிவப்பில் இருந்தன.

அடுத்த அறையில், விசாலாட்சி அலைந்து பிடித்த மதுரை வியாபாரியோடு கதிர்வேல் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் எட்டிப் பார்த்தான்.

“கஷ்டமா இருக்குதாக்கா?”

“இல்லடா கண்ணு. நல்லாப் புரிஞ்சுபோச்சு.”

அவன் போய்விட்டான். அவள் கை மட்டும் மவுஸை விடவில்லை.