அந்த டாக்டரம்மா வேண்டாம்

"இந்த டாக்டரம்மாவை மாத்துற வரைக்கும் ஒரு கடையும் திறக்காது சார்."

நகராட்சி கமிஷனர் மேஜை முன்னால் நின்று கறிக்கடைச் சங்கத் தலைவர் சொன்னார். பின்னால் இருபது கடைக்காரர்கள்.

"அப்படி என்ன பண்ணிட்டாங்க?"

"நேத்து என் கடை ஆடு ரெண்டு. அறுத்த கறி முழுசுலயும் பினாயிலை ஊத்திட்டாங்க. வயித்துல அடிக்கிறாங்க சார்."

டாக்டரம்மா ஓரமாக நின்றிருந்தாள். நகராட்சி இறைச்சிக்கூடத்தில் அறுக்கிற ஆடுகளைச் சோதித்து, நோயில்லை என்றால் சீல் வைப்பது அவள் வேலை.

"ஒண்ணுக்கு ஈரல் பூரா சீழ்க்கட்டி சார். இன்னொண்ணு தானா செத்த ஆடு. செத்ததுக்கப்புறம் அறுத்திருக்காங்க."

"வேக வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்றார் தலைவர். "ஊரே தின்னுட்டு நல்லாத்தானே இருக்கு? இந்தம்மா கண்ணுக்கு மட்டும்தான் நோய் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். கமிஷனரும்தான்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதாம்மா?"

"எதை சார் அனுசரிக்கணும்? சீழையா?"

மூன்றாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது.

அவளுக்குப் பதிலாக வந்தவர் தங்கமான மனுஷர் என்று கடைத்தெருவே சொன்னது. ஜீப்பை விட்டு இறங்குவதே இல்லையாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எல்லாத்துக்கும் சீல் வெச்சிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாராம்.

அதையெல்லாம் கேட்டுக்கொண்டே டாக்டரம்மா சாமான்களைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், சங்கத் தலைவர். கையில் ஒரு பை.

"என்ன இது?"

"ஈரலும் கொஞ்சம் தொடைக்கறியும்மா."

அவளுக்குச் சுருக்கென்றது.

"இங்க வேலையில இருந்தப்பவே உங்ககிட்ட ஒரு துண்டு ஓசியில வாங்கினதில்ல. போகும்போது இது ஒண்ணுதான் குறைச்சலா? எடுத்துட்டுப் போங்க."

தலைவர் நகரவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குக் கொண்டு வரலம்மா. பொண்ணு பிள்ளைத்தாச்சியா வீட்டுக்கு வந்திருக்கா. நம்ம கடைக் கறிதான், சீல் வெச்சதுதான். இருந்தாலும், டாக்டரம்மா ஒரு தடவை பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் அடுப்புல ஏத்துவேன்னு சம்சாரம் சொல்லிட்டா."