சிக்னலில் இரண்டு என்ஜின்கள்

கார் ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற நாளிலிருந்தே சாதா என்ஜினுக்கு டர்போ என்ஜினைக் கண்டால் ஆகாது. சாதா என்ஜின், ஆக்சிலரேட்டரில் கால் பட்டதுமே பதில் சொல்லும். வேகம் ஏற ஏறப் பாடவும் செய்யும். டர்போவோ ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் பாயும். ஆனால் பாய்ந்தால் ஓட்டுபவரின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டும் விற்றுப்போயின. ஒருநாள் காலை, ஆபீஸ் போகும் வழியில் ஒரே சிக்னலில் மாட்டிக்கொண்டன.

"என்ன, பாய்ஞ்சியா?" என்றது சாதா என்ஜின்.

டர்போ வழக்கம்போல் கொஞ்சம் தாமதித்தது. "இன்னும் ரெண்டாவது கியரையே தாண்டல. நீ பாடினியா?"

"தொண்டையைச் செருமினதோட சரி."

பின்னாலிருந்து இளநீர் ட்ரைசைக்கிள் மணியடித்தது. "சும்மா நிக்கிறவங்க கொஞ்சம் ஒதுங்குங்கப்பா. எனக்கு நேரமாச்சு."