சிவப்புத் துணி

சனிக்கிழமை மத்தியானம் பழைய இரும்புக் கடை லாரி தறி செட்டு வாசலில் வந்து நின்றபோது, ஏற்ற வேண்டிய சாமான் எல்லாவற்றிலும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது.

சூப்பர்வைசர் இன்பராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எல்லாம் ஜப்பான்காரனால் வந்தது. தொண்ணூற்று நாலில் எந்தத் தொழில்காரரைப் பார்த்தாலும் ஜப்பானைப் பற்றித்தான் பேசினார். முதலாளி சங்கரலிங்கமும் இன்பராஜைக் கோயம்புத்தூருக்கு ஒருநாள் வகுப்புக்கு அனுப்பிவைத்தார். வேலைக்கு உதவாததில் சிவப்பு அடையாளம் போடு, வாரக் கடைசியில் வெளியே தள்ளு, தொழில் தானாக மேம்படும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

சிவப்பு அட்டை எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டவில்லை. அருப்புக்கோட்டை பஜாரில் சிவப்புத் துணி வாங்கிக் கிழித்துக் கட்டினார் மனுசன்.

சிவப்புத் துணி கட்டியதை இந்தப் பக்கத்து ஆட்கள் சும்மா விடுவார்களா? ஓடாத தறிக்கு மறுநாளே எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. எரிந்துபோன மோட்டாருக்குச் சூடம் காட்டினார்கள். தாரில் நூல் சுற்றும் பெண்கள் செருப்பை வாசலிலேயே விட்டார்கள்.

ஃபிட்டர் தங்கசாமியின் ஸ்டூலிலும் ஒரு துணி இருந்தது. தறி பழுதானால்தான் அவருக்கு வேலை, மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பார். வகுப்புக் கணக்குப்படி அது வீண். ஸ்டூல் லாரி ஏறினால் ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்யாண வயதில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்?

லோடுமேன் ஸ்டூலில் கை வைத்தான்.

தங்கசாமி ஓங்காரமாகக் கத்தினார். கண் செருகியது. ஸ்பேனரை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு தறிகளுக்கு நடுவே ஆட ஆரம்பித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். லோடுமேன் ஓடிப்போய் லாரிக்குள் உட்கார்ந்துகொண்டான்.

முதலாளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார்.

"சாமி, ஒங்க எடத்த விட்டு ஒங்கள யாரு கெளப்புவா? இங்கனயே இருங்க."

அதைக் கேட்ட பிறகுதான் சாமி மலையேறியது.

ஆனால் லாரி வந்துவிட்டதே. வெறுமனே திருப்பி அனுப்பினால் அதுவும் வீண்தானே? முதலாளி யோசனையோடு செட்டைச் சுற்றிப் பார்த்தார். நெய்கிறவர்கள் நெய்கிறார்கள், சுற்றுகிறவர்கள் சுற்றுகிறார்கள், பழுது பார்க்கிறவர் இனிமேல் சாமி. மிச்சமிருந்த துணியை எடுத்துப்போய் சூப்பர்வைசர் நாற்காலியில் கட்டினார். ஜப்பான்காரனே பார்த்திருந்தால் மெச்சியிருப்பான்.

அதற்குக் குங்குமம் வைக்க ஒரு பெண்ணும் எழுந்து வரவில்லை. லோடுமேன் லாரியிலிருந்து மறுபடி இறங்கினான்.

இன்பராஜ் லோடுமேனையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டன் காலத்திலிருந்து ஞாயிறு தவறாமல் சர்ச்சில் ஆராதனைக்குப் போகிற குடும்பம் அவருடையது. தங்கசாமியை நேற்றுவரை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவார்.

மூலையில் சோடா குடித்துக்கொண்டிருந்த தங்கசாமியிடம் விறுவிறுவென்று போய்க் குனிந்தார்.

"அண்ணே, சாமியாட மொதல்ல எந்தக் காலத் தூக்கணும்?"