கீழ்வயலுக்குப் போன தண்ணீர்

சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது என்று வயலில் தண்ணீர் கட்டுவதையே தடை செய்திருந்தார்கள். கண்காணிப்பு ட்ரோனிடம் பிடிபட்டால் அந்த நிலத்தில் ஆயுசுக்கும் நெல் போட முடியாது. ஆனாலும் பூக்கிற பயிர் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தையல்நாயகி திருட்டுத்தனமாகத் தண்ணீர் கட்டியிருந்தாள்.

காலையில் மேற்கே ட்ரோனின் ரீங்காரம் கேட்டதும் அவள் மண்வெட்டியைத் தூக்கினாள். ஓடிப்போய் வரப்பை வெட்டிவிட்டாள். தண்ணீர் மடமடவென்று கீழ்வயலுக்குப் பாய்ந்தது. அது அஞ்சலையின் வயல். சட்டத்துக்குப் பயந்து காயப்போட்டதில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

தண்ணீரைக் கண்ட அஞ்சலை ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்ல நேரத்துல தொறந்து விட்டீங்கக்கா! பயிரெல்லாம் பதராப் போயிடும்னு அழுதுக்கிட்டு இருந்தேன்."

"ஏ புள்ள, அடைச்சுடு! சீக்கிரம் அடைச்சுடு!" என்று தையல்நாயகி கத்துவதற்குள் ட்ரோன் தண்ணீர் வடிந்துவிட்ட அவள் வயலைத் தாண்டிப் போய் அஞ்சலையின் வயலுக்கு மேல் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அண்ணாந்து பார்த்த அஞ்சலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இது என் தண்ணி இல்லன்னு நீங்களே சொல்லுங்கக்கா!"

தையல்நாயகி திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். நாலடி போவதற்குள் நடை ஓட்டமாயிற்று.