தொட்டில் கட்டாத அறை

“அந்த ரூம் எனக்குத்தான் வேணும். முடிவாச் சொல்லிட்டேன்!”

பெரிய மருமகள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறை வாசலை மறித்து நின்றாள்.

சின்ன மருமகளின் இடுப்பில் கைக்குழந்தை. அதற்காகத்தான் அவள் கணவன் லீவு போட்டு, வாடையே இல்லாத பெயிண்டாகத் தேடி வாங்கி, தன் கையாலேயே இளம்பச்சை அடித்திருந்தான். தொட்டில் கட்டுவது ஒன்றுதான் பாக்கி.

“அண்ணி, குழந்தைக்காக அடிச்சது அண்ணி...” என்று கெஞ்சினான் கொழுந்தன்.

“மூத்தவ நான் அழுக்கு ரூம்ல கிடக்கணும், புதுசு உங்களுக்கா?”

சின்னவள் வெடித்தாள். “‘இப்பவே என்ன அவசரம், ஒரு மாசம் போகட்டும்’னு நீங்க நேத்து சொன்னப்பவே தெரியும்க்கா. பொறாமை!”

“ஆமாடி, பொறாமைதான். இப்ப என்னங்கறே?”

இப்படிக் கேட்பவளிடம் யார் என்ன பேசுவது? கட்டிலும் பீரோவும் இடம் மாறின. பெரியவளின் கணவன் தம்பி முகத்தில் முழிக்க முடியாமல் கூனிக் குறுகினான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவளுக்கு இமைகள் வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. ஓயாத அரிப்பு.

“அடம்பிடிச்சு வாங்கினே இல்ல? நல்லா சொறி!” என்று கடுகடுத்தபடியே கணவன் டாக்டரிடம் அழைத்துப் போனான்.

டாக்டர் விசாரித்துவிட்டுத் தலையாட்டினார். “டப்பாவுல பெயிண்ட் கெட்டுப்போகாம இருக்க ஒரு மருந்து கலப்பாங்க. சிலருக்கு அது ஆகாது. சுவர் காய்ஞ்ச பிறகும் கொஞ்ச நாளைக்குக் காத்துல கலந்துக்கிட்டே இருக்கும்.”

“வாடையே இல்லியே டாக்டர்?” என்றான் கணவன்.

“வாடை இல்லேன்னா மருந்தும் இல்லேன்னு அர்த்தமா? கொஞ்ச நாள் ஜன்னலைத் திறந்து போட்டு ரூமைக் காலியா விடுங்க. கைக்குழந்தை யாரும் அங்க படுக்கலியே?”

“இல்ல டாக்டர்” என்றாள் அவள், முந்திக்கொண்டு.

வெளியே வந்ததும் கணவன் நின்றுவிட்டான். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்கம்மா வீட்டுல பெயிண்ட் அடிச்சப்பவும் எனக்கு இப்படித்தான் வீங்கிச்சு. போன வாரம் குழந்தையை அந்த ரூம்ல கொஞ்ச நேரம் போட்டதுக்கே கன்னமெல்லாம் திட்டுத் திட்டா சிவந்துடுச்சு. வேர்க்குருன்னு பவுடர் போடறா அவ.”

“சரி, ரூமைப் புடுங்கினே. பூட்டி வெச்சிருக்கலாமே? நீ ஏன் போய்ப் படுத்தே?”

“சும்மா கிடந்தா மறுநாளே தொட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்துடுவா.”

கணவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. “வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஊரே உன்னைக் காறித் துப்புது!”

“சொன்னேனே, ஒரு மாசம் போகட்டும்னு. நல்லது சொன்னா பொறாமைங்கறா.” அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டாள். “அதான், பொறாமைப்பட்டே காரியத்தை முடிச்சிட்டேன்.”