தானாக மூடும் கதவு

“அந்தாளு பேச்சை நிறுத்த மாட்டாரு. நேரா ஓட்டுக்கு விட்டுடுவோம்” என்றாள் டோரீன், சங்கக் கூட்டத்தில்.

அந்தாள் என்றது லைல் பிரிக்கெட்டை. வயது அறுபத்தாறு. கலிபோர்னியா மலையடிவாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்தப் புதுக் குடியிருப்பில் மனை வாங்கியவர். குதிரைப் பட்டிகளுக்கு இரும்புக் குழாய் வெல்டிங் செய்யப் போவதும் அவர்தான்.

மாரிசெல் மேசைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். பாதை எங்கே போகவேண்டும், பட்டி எங்கே வரவேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. ஓடைக்கரையை ஒட்டி ஏழு மைல் குதிரைப் பாதை. நாலு பொதுப் பட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டகை. எல்லாம் முடிவாகிவிட்டது, பட்டிக் கதவைத் தவிர.

லைல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலு பட்டிக் கதவிலும் ஸ்பிரிங் வைக்கவேண்டும். கையை எடுத்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டு கொக்கி விழவேண்டும்.

“குதிரை மேல உக்காந்தபடியே கதவைத் திறந்து போறவங்க நாங்க. உங்க ஸ்பிரிங் கதவு பின்னாலயே வந்து குதிரையை அடிக்கும். அது மிரண்டு ஆளைத் தூக்கிப் போட்டா யாரு பதில் சொல்றது?”

டோரீன் குடியிருப்போர் சங்கத் தலைவி. மூன்று குதிரை வைத்திருப்பவள். வாயும் மூன்று பேருக்கு உண்டு.

“மெதுவா மூடற மாதிரி பண்ணித் தர்றேன்” என்றார் லைல்.

“கதவு எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும். திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடினபடி. எங்கப்பா என்னை முதல் முதலா சேணத்துல உக்கார வச்சப்பவே சொன்னது. உங்க வீட்ல சொல்லித் தரலையா?”

“தந்தாங்க.”

“அப்புறம் என்ன?”

“மேய்ச்சல் காட்டுக்கு அது சரிம்மா. இது கொட்டகையை ஒட்டின பட்டி. நெருப்புன்னு ஒண்ணு வந்தா...”

“அதைத்தானே நானும் சொல்றேன்! நெருப்பு வந்தா குதிரை தப்பிச்சு ஓட வழி வேணும். நீங்க கொக்கியைப் போட்டு உள்ளயே வறுக்கச் சொல்றீங்க.”

சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. “ஸ்பிரிங்குன்னா மாசா மாசம் ரிப்பேர் வரும்ல. லைலுக்கு ஆயுசு பூரா வேலை!”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

லைலின் காது சிவந்துவிட்டது. மாரிசெலுக்கும் அவர்மேல் எரிச்சல்தான். ஒரு கதவுக்காக முக்கால் மணி நேரம். தூக்கத்திலும் அவளுக்குக் கொக்கி விழும் சத்தம் கேட்கும் போலிருந்தது.

டோரீன் விடவில்லை. “நெருப்பைப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க பெரியவரே. வடக்க உங்க பழைய ஊரு காட்டுத்தீயில எரிஞ்சப்ப உங்க குதிரை ஒண்ணுகூடச் சாகலைன்னு நீங்க கூட்டிட்டு வந்ததைப் பார்த்தாலே தெரியுது. உங்களுது பொழைக்கணும், எங்களுது வேகணுமா?”

லைல் வாயைத் திறந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஸ்பிரிங் வேண்டாம் என்று பதினாலு கைகள். வேண்டும் என்று ஒன்றே ஒன்று.

மாரிசெல் வரைபடத்தில் நாலு கதவுக்கும் ஸ்பிரிங் இல்லை என்று குறித்தாள்.

காப்பியைக் குடித்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். லைல் மட்டும் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

“வீடுங்களுக்குப் பக்கத்துல இருக்கே, இந்த ஒரு பட்டிக்காவது வைக்க விடும்மா. குழந்தைங்க போற இடம். கூலி வேணாம்.”

“முடிவாயிடுச்சு லைல். இனிமே என் கையில இல்ல” என்றாள் மாரிசெல். “தப்பா நினைக்காதீங்க, ஏன் இவ்வளவு பிடிவாதம்? டோரீன் கேட்டது நியாயம்தானே? கதவு திறந்திருந்ததாலதானே உங்க குதிரைங்க பொழைச்சுது?”

மறந்துவிட்டுப் போன கார் சாவியை எடுக்கத் திரும்பி வந்த டோரீன், தன் பெயரைக் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

லைல் அவளைப் பார்க்கவில்லை. வரைபடத்தில் இருந்த கொட்டகையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“எல்லாக் குதிரையையும் வெளிய ஓட்டி விட்டது நான்தான். ஆனா பயந்துபோன குதிரைக்குக் கொட்டகைதாம்மா வீடு. அது எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் அங்கதான் திரும்பி ஓடும். அன்னிக்கு நான் போகும்போதே பட்டிக் கதவு திறந்து கிடந்துச்சு. கைப்பழக்கம்... சாத்தாம அப்படியே விட்டுட்டு வண்டியை எடுக்கப் போயிட்டேன். நான் முதுகைத் திருப்பினதும் ஒரு குட்டி உள்ள ஓடிடுச்சு. என் பொண்ணு கரீன் பால் குடுத்து வளர்த்த குட்டி. அதைப் பிடிக்க அவளும் ஓடினா. பத்தொம்பது வயசு அவளுக்கு.”

மாரிசெல் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அப்புறம்?” என்று கேட்டது வாசலில் நின்ற டோரீன்.

லைல் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“குட்டி வெளிய வந்துடுச்சும்மா.”