பண்ணை வெளிச்சம்

முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழிகளுக்காக, நாமக்கல் பண்ணையில் முதலாளி இரவும் பகலும் எரியும் புதுவித விளக்கைப் போட்டார். கோழிகள் மறுபடி முட்டையிட்டன. முட்டை பொறுக்கும் பாவாயிக்கோ, தீட்டு நின்று வெகுகாலமாகியும் வயிறு மேடிட்டது. பிள்ளையில்லாதவள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. கரண்ட் போனால் உள்ளே உதை அடங்கிவிடும். விளக்கு எரிந்ததும் மறுபடி உதைக்கும்.

கோழிகளை ஏற்ற லாரி வந்த அன்று முதலாளி சுவிட்சில் கைவைத்தார்.

"அணைச்சுறாதீங்க சாமி!" பாவாயி பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"கோழியெல்லாம் வித்தாச்சு. இனி ஆருக்கு வெளிச்சம்?"

அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். கோழிக்கூண்டுகளை அப்படியே இறக்கிவைத்துவிட்டு, அவளோடு முட்டை பொறுக்கும் நரைத்த தலைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எல்லோர் கையும் வயிற்றின் மேல்தான் இருந்தது.